ஒன்பது விரல் சிவப்பு

1

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம்மூர் வழக்கம். என்னை அந்த ஆடியில்தான் விமானம் ஏற்றி அனுப்பினார்கள். விசா அப்போதுதான் வந்தது. விசாவுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா? துறையூரில் கட்டிய மல்லிகைப்பூ தலையில் வாடிப் போயிருக்க, மலேசியாவில் ஈப்போவில் வந்து இறங்கினேன். இந்த ஆடியோடு பத்தொன்பது வருஷம்.

வந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக நின்று, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அவ்வளவாகப் பசிக்கவில்லை என்று விளக்கமாகச் சொன்னேன். அன்று பூராவும் ஊரிலிருந்து வந்த பெண் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று தெருவே கவலைப்பட்டது. ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் எதையாவது கொண்டு வந்தார்கள். அன்றே எனக்கு இந்த ஊரைப் பிடித்துவிட்டது.

ஊருக்கும் என்னைப் பிடிக்க வேண்டுமே. அதற்குத்தான் பத்தொன்பது வருஷம் ஆனது. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு வருஷா வருஷம் தங்குவதற்கான பாஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரர் லோரி வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு, என்னோடு கவுண்டர் முன்னால் நின்று, இவள் இன்னும் என் மனைவிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். நல்ல மனிதர். ஒரு வருஷம்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் பேனாவைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "யோசிக்கலாமா?" என்பார். வருஷா வருஷம் அதே கேலி. வருஷா வருஷம் நானும் சிரித்திருக்கிறேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, இந்த மனிதர் ஒரு வருஷம் கையெழுத்துப் போடாவிட்டால் நான் யார் என்று யோசித்துக்கொண்டு வெங்காயம் உரித்ததும் உண்டு.

இந்த ஆடியில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு மலாய் பேச வரும். அலுவலகத்து மலாயைப் படிக்க உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் நெளியும். என் மகள் தாரணிதான் படித்தாள். பதினேழு வயது, படிவம் ஐந்து, பள்ளியில் கடைசி வருஷம். என்னை நிரந்தரவாசியாக ஏற்றுக்கொண்டார்களாம். போய்க் கைரேகை கொடுத்து, படம் எடுத்து, சிவப்பு அடையாள அட்டை வாங்கிக்கொள்ளலாமாம்.

"மா, நீங்க இனிமே பெர்மனென்ட் லா," என்றாள், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்கிற 'லா'வோடு, போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

சிவப்பு அட்டை வந்துவிட்டால் யார் கையெழுத்தும் வேண்டாம். என் விரலே போதும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

2

அந்த விரல்தான் காலை வாரியது.

கவுண்டரில் இருந்தவர் மலாய்க்கார அம்மா, ஏறத்தாழ என் வயது. கண்ணாடிப் பலகையில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு விளக்கு. அடுத்த விரல். சிவப்பு. கண்ணாடியைத் துடைத்தார். ஈரத்தாள் கொடுத்து என்னையும் துடைக்கச் சொன்னார். தன் விரலால் என் விரலை அமுக்கிப் பார்த்தார். பத்து விரலுக்கும் சிவப்புதான்.

ஊரில் ரேஷன் கடையில் ரேகை விழாவிட்டால் என்ன செய்வார்கள் என்று என் தங்கை சாந்தி போனில் சொல்லியிருக்கிறாள். வயல்வேலை செய்கிற பெண்கள் கட்டைவிரலைத் தலையில் நாலு தரம் தேய்த்துவிட்டு வைப்பார்களாம். தலை எண்ணெய் பட்டால் மெஷின் இரக்கப்படுமாம். அது ஞாபகம் வந்து, நானும் கட்டைவிரலை வகிட்டில் வைத்துத் தேய்த்தேன். அந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். சிரித்து, சரி வை பார்க்கலாம் என்றார். பாழாய்ப்போன நான் அன்று காலையில்தான் படம் நன்றாக விழ வேண்டுமென்று ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்திருந்தேன். தலையில் பேருக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. விளக்கு சிவந்தது.

என் கையைத் திருப்பிப் பார்த்து என்ன வேலை என்று கேட்டார். சலூனில் முடி கழுவுகிறேன் என்றேன். புரிந்துகொண்டவர் மாதிரித் தலையாட்டினார். "ஜாகா தாங்ஙான், புவான்," என்றார். கையைக் கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்து இன்னொரு தேதி கொடுத்தார். அன்றும் விழாவிட்டால் ஃபைல் தலைமையகத்துக்குப் போய்விடும். அங்கே எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, அவர் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். அதுவரை பழைய பாஸ்தான், பழைய கையெழுத்துதான்.

காரில் வீட்டுக்காரர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "நல்லதுதான் போ. எங்கயாச்சும் திருடப் போனா நீ மாட்டவே மாட்ட."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் சிரிக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு வீடு வரை ரேடியோகூடப் போடவில்லை.

3

சலூன் என் நாத்தனாருடையது. மல்லிகா அண்ணி. சிம்பாங் பூலாய் போகிற சாலையில், கடைவரிசையில் மூன்றாவது கடை. கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இருபது வயது வரை அங்கேயே பால்மரம், அவர் பேச்சில் கித்தா மரம், வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்தை விற்றதும் ஈப்போவுக்கு வந்து ஒரு சீனத்து அம்மாவிடம் முடி வேலை கற்றுக்கொண்டார். கத்தியைப் போட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தேன், அவ்வளவுதான் என்பார். வேலை செய்ய அனுமதி முத்திரை கிடைத்த நாளிலிருந்து நான் அங்கேதான். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தலை கழுவுவேன். ஷாம்பு, சாயம், வெந்நீர், மறுபடி ஷாம்பு.

கையுறை போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். போட்டுப் பார்த்தேன். தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று கண்ணைத் திறந்துகொண்டார். இன்னொருவர், உன் விரலுக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன், ரப்பருக்காகவா என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையுறையைக் கழற்றி டிராயரில் போட்டவள்தான்.

அந்தப் பெருமையின் விலை இப்போது தெரிந்தது. விரல் நுனியெல்லாம் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. நகக்கண் ஓரமெல்லாம் தோல் உரிந்து, வலது கட்டைவிரலில் குறுக்காக ஒரு வெடிப்பு.

வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். ஷாம்பு மண்டைத்தோலுக்கு, கண்டிஷனர் முடி நுனிக்கு, மாற்றிப் போடாதே என்பேன். ஈரத்தலையில் சீப்பை இழுக்காதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வா என்பேன். முகத்தைச் சட்டை துவைப்பது போலத் தேய்க்காதே, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் மென்மையாகக் கழுவினால் போதும் என்பேன். கறுப்புத் தோலுக்கு வெயில் கிரீம் எதற்கு என்று கேட்கிற பெண்களிடம், வெயில் ஆள் பார்த்து அடிப்பதில்லை என்பேன். மூன்றே நாளில் வெளுக்கும் என்று யாரோ கைப்பையில் கொண்டு வந்து விற்கிற டப்பாவில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியில்லாவிட்டால் தொடாதே என்று சண்டையே போட்டிருக்கிறேன். இத்தனையும் சொல்லிக்கொண்டே இருபது தலை கழுவிய கையை, சாயங்காலம் நான் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அண்ணி என் கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பட்டை போயிருச்சுலா," என்றார். "கித்தா மரத்துல ஒரு பக்கம் வெட்டி முடிச்சா, அந்தப் பக்கத்த வருஷக்கணக்கா தொடக்கூடாது. பட்டை திரும்ப வளரணும். நீ ஒரு நாளாச்சும் இந்தக் கைய சும்மா விட்டியா?"

அன்றிலிருந்து ஒரு மாதம் தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் கல்லாவில் உட்கார்ந்தேன். முடி கூட்டினேன். என் வாடிக்கைத் தலைகளை எல்லாம் ஐம்பத்தெட்டு வயதில் அண்ணி குனிந்து நின்று கழுவினார். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டால், மரத்துக்கு மரம் குனிந்த இடுப்பு, இதெல்லாம் ஒரு குனிவா என்பார்.

4

இந்த இடத்தில் தாரணியின் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துறையூரில் வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சீயக்காய் வாசனை. நானும் சாந்தியும் எண்ணெய் வழிய உட்கார்ந்திருப்போம். கண்ணில் எண்ணெய் இறங்கினால் அழுகை, அழுதால் குட்டு. அப்படி வளர்ந்தவளுக்குப் பெண் பிறந்தால் என்ன செய்வாள்? தினமும் காலையில் தேங்காயெண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினேன். தமிழ்ப்பள்ளியில் எல்லாப் பெண்களுக்கும் அதே பின்னல். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் கூடப் படிக்கிறவர்கள் மலாய், சீனப் பிள்ளைகள் என்று மாறினார்கள். தலையணை உறையில் எண்ணெய், சட்டைக் காலரில் எண்ணெய் என்று கேலி. அதோடு நெற்றி பூராவும் பரு.

நான் பருவுக்கு மஞ்சள் பூசச் சொன்னேன். அவள் எங்கோ படித்துவிட்டு வந்து, தலையில் வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு இறங்கி அடைத்துக்கொள்வதால்தான் அங்கே வருகிறது என்றாள். எண்ணெயையா குறை சொல்கிறாய் என்று நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் காலை அவளே எழுந்து தலைக்குக் குளித்து, முடியை ஒற்றைக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இனிமே நானே பாத்துக்கிறேன்மா," என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இரண்டு மாதத்தில் நெற்றி தெளிந்துவிட்டது. அது இன்னும் வலித்தது.

அதோடு நாலு வருஷம். ஈப்போவில் பாதிப் பேர் தலை என் கைக்குத் தெரியும். யாருக்கு எங்கே சுழி, யாருக்கு எங்கே பொடுகு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் மகள் தலையைத் தொட்டு நாலு வருஷம்.

தோழிகளோடு மலாயும் ஆங்கிலமும் ஓடும். என்னிடம் தமிழ்தான். ஆனால் என் தமிழைச் சினிமாப் படத்துத் தமிழ் என்று கேலி செய்வாள். அவள் அறையில் அலமாரி நிறைய சின்னச் சின்னப் புட்டிகள். எதற்கு இத்தனை என்று நான் சிரித்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, எதையும் என்னிடம் காட்ட மாட்டாள்.

5

கவுண்டரிலிருந்து திரும்பி வந்த சாயங்காலம் அவளே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையைக் காட்டச் சொன்னாள். போன் விளக்கைப் போட்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்.

"மா, இது நோய் இல்ல. காஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஒரு மாசம் நான் சொல்றத கேப்பீங்களா?"

கேட்டேன். வேறு வழி? அவள் சட்டம் இதுதான். கை கழுவ வெந்நீர் கூடாது, பாத்திரம் கழுவுகிற திரவம் கூடாது. கழுவியதும் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கிரீம் தடவ வேண்டும். காய்ந்த தோலில் தடவினால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய மாதிரியாம், அவள் சொன்னது. வாசனை போட்ட கிரீம் எரிக்கும், அதனால் வாசனையில்லாதது. படுக்கும்போது மேலே பெட்ரோலியம் ஜெல்லி, அதற்கு மேல் பருத்திக் கையுறை. தேங்காயெண்ணெய் போடலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, கைக்கு ஓகே, ஈரத்தோட போடுங்க என்று அனுமதி கொடுத்தாள். என் ஊரையே அங்கீகரித்த மாதிரி இருந்தது.

பாத்திரம் கழுவுகிற வேலை வீட்டுக்காரருக்குப் போனது. முதல் வாரம் இரண்டு கண்ணாடிக் குவளை போனது. இரண்டாவது வாரம் அவர் விரலைக் காட்டி, எனக்கும் தேயுது பாரு, நாளைக்கு என்னையும் நாடு கடத்திருவாங்க என்று புலம்பினார். இந்தத் தடவை நான் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குவளை உடைந்த கவலையெல்லாம் போய்விட்டது.

தினமும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் என் கை தாரணியின் மடியில். ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டு, வலது கட்டைவிரலைப் போனில் படம் பிடித்து, முந்தின நாள் படத்தோடு ஒட்டிப் பார்ப்பாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் பேசினாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். பினாங்கில் படிக்க ஆசை என்றாள். கணக்கு டீச்சருக்கு அவளைப் பிடிக்காது என்றாள். அவள் தோழி ஒருத்தி டப்பா கிரீம் போட்டு முகம் எரிந்து, ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை, நான் சலூனில் போடுகிற சண்டையைத்தான் தானும் அவளிடம் போட்டதாகச் சொன்னாள். நான் பேசுவதை இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் கையை இழுத்துக்கொள்வாளோ என்று நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் ஊமையாக இருந்தேன் என்று சொன்னால் அண்ணி நம்ப மாட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு படத்தைக் காட்டினாள். வழவழப்பில் மெல்லிசாகக் கோடு தெரிய ஆரம்பித்திருந்தது. வெடிப்பு மட்டும்தான் ஆறவில்லை.

6

தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் முகாம் வந்தது. சித்தியவான் பக்கம் கடற்கரையில் மூன்று நாள். போக மாட்டேன் என்றாள். என் விரலுக்காகவா என்று திட்டி அனுப்பினேன். போகும்முன் தன் புட்டி அலமாரியைத் திறந்து, பருவுக்கு ஒட்டுகிற பட்டைகளை எடுத்தாள். கண்ணுக்கே தெரியாத மெல்லிசு, பசை மாதிரி இருக்கும். அதில் பெரியதாக ஒன்றை என் வலது கட்டைவிரல் வெடிப்பின் மேல் ஒட்டினாள். உள்ளே ஈரம் காயாமல் இருந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளுமாம். விளிம்பு தூக்கினால் மாற்ற நாலு உபரியும் கொடுத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் இத பிச்சிப் பாக்காதீங்க. சத்தியமா."

சத்தியம் செய்தேன். கட்டைவிரலுக்கு மட்டும்தானே செய்தேன்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. அண்ணி வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு கொத்து மருதாணி இலை. கடைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் அவர் வைத்த செடி. மற்ற விரல் ஓரங்களில் இன்னும் லேசாக உரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். தோலுக்கு மருதாணியைவிட என்ன இருக்கிறது என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். நம்மூரில் பாத வெடிப்பா மருதாணி, சேற்றுப்புண்ணா மருதாணி, கை எரிச்சலா மருதாணி. அவர் தோட்டத்திலும் அதேதானாம். அவர் பிறந்தது இங்கே, நான் பிறந்தது அங்கே, மருந்து மட்டும் ஒன்று. அதோடு, பத்தொன்பது வருஷம் கழித்து அட்டை வாங்கப் போகிறவள் வெறும் கையோடா போவாள் என்றும் கேட்டார்.

தேயிலைத் தண்ணீர் விட்டு அரைத்தோம். உள்ளங்கையில் நடுவே ஒரு பொட்டு, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி. ஒன்பது விரலுக்கு. வலது கட்டைவிரலுக்கு வரும்போது அண்ணி நின்றார். "இதுல என்னமோ ஒட்டியிருக்குலா?" என்றார். சத்தியம் என்றேன். விட்டுவிட்டார்.

மதியம் பூராவும் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு அண்ணி வாயில் ஊட்டிய சோற்றைத் தின்றேன். கழுவிப் பார்த்தால் அப்படிப் பிடித்திருந்தது. பவழம் மாதிரி. கையும் குளுகுளுவென்று இருந்தது. சந்தோஷத்தில் படம் எடுத்துச் சாந்திக்கு அனுப்பினேன்.

அவள் உடனே போன் செய்தாள். "அக்கா, ரேஷன் கடையில மருதாணி வச்ச விரலுக்கு மெஷின் எடுக்க மாட்டேங்குதுன்னு இங்க கல்யாண வீட்டுப் பொண்ணுங்களையெல்லாம் திருப்பி அனுப்புறாங்க. உனக்குத் தெரியாதா?"

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி மெதுவாகப் பையை எடுத்துக்கொண்டு, கடையில் ஏதோ வேலை இருக்கிறது என்று கிளம்பினார். லீவு நாளில்.

7

மறுநாள் மாலை நாலு மணிக்கு தாரணி முகாமிலிருந்து வந்தாள். அதற்கடுத்த நாள் காலையில் நான் கவுண்டரில் நிற்க வேண்டும். அதற்குள் நான் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்திருந்தேன், சர்க்கரையைத் தேய்த்திருந்தேன். சிவப்பு அசையவில்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அப்படித் திறந்தால் எந்தப் பிள்ளைதான் சந்தேகப்படாது?

பையைக் கீழே போட்டாள். என் கையை முன்னால் இழுத்தாள். சிவந்த நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னலா பண்ணி வச்சிருக்கீங்க?"

தோலுக்கு நல்லது என்று நினைத்தேன் என்றேன். என் குரலே எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டது. கல் வைத்துத் தேய்த்தால் போய்விடும், பாத்திரம் விளக்குகிற நார் இருக்கிறது, இப்போதே தேய்க்கிறேன் என்று எழுந்தேன். அவள் கையை விடவில்லை.

"தேய்க்காதீங்க. தேச்சா வளந்ததும் போயிடும்." குரல் உடைந்தது. "நான் இங்க இருந்திருக்கணும். எனக்குத் தெரியும், நான் போயிருக்கக்கூடாது. அப்பா கையெழுத்துப் போடும்போது உங்க முகத்த நான் சின்ன வயசிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்மா."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வலது கட்டைவிரலை எடுத்தாள். பட்டை அப்படியே இருந்தது, நடுவில் வெள்ளையாக ஊதி. சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன், சொல்லவில்லை. சூடில்லாத தண்ணீரில் நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். முதலில் சுருங்கிப்போய் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் காற்றாட விட்டோம். பிறகு போன் விளக்கைப் போட்டாள். வெடிப்பைக் காணோம். கல்லில் தோசைமாவை ஊற்றி இழுத்த மாதிரி வட்டத்துக்குள் வட்டமாக ஒரு ரேகை. இந்த விரலில் இப்படி ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஒண்ணாச்சும் இருக்கு," என்றாள்.

அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தேன். மூன்று நாள் கடல்தண்ணீரும் மணலும் உப்பும். முடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு சிக்கு விழுந்திருந்தது. என் கை தானாக நீண்டது. அவள் பின்னால் நகர்ந்தாள்.

"நாளைக்கு முடியட்டும்மா. இன்னிக்கு நீங்க தண்ணியத் தொடக்கூடாது."

உப்புத் தலையோடுதான் படுத்தாள்.

8

அதே மலாய்க்கார அம்மா. தாரணி பள்ளிக்குப் போகாமல் என் பின்னால் நின்றாள். வீட்டுக்காரர் பேனாவோடு நின்றார், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. நான் இரண்டு கையையும் மேசை மேல் வைத்தேன்.

அந்த அம்மா என் விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நிற்கிற வீட்டுக்காரரைப் பார்த்தார். "இனாய்," என்றார் சிரித்துக்கொண்டே. மலாய்க்காரர்களுக்கும் மருதாணி உண்டு. கல்யாணப் பெண்ணுக்கு இதே மாதிரி விரல் நுனியில்தான் தொப்பி வைப்பார்கள். புதுசாகக் கல்யாணமா என்று கேட்டார். பத்தொன்பது வருஷம் ஆகிறது என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். வெட்கத்தில் என் முகம் விரலைவிடச் சிவந்திருக்கும்.

இடது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு. அந்த அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தாரணி என் முதுகில் கை வைத்திருந்தாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

வலது கட்டைவிரல். வைத்தேன். நான் விளக்கைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புருவம் உயர்ந்தது. திரையை என் பக்கம் திருப்பினார். அதில் என் தோசை, பெரிதாக, கறுப்பு வெள்ளையில்.

ஒன்று இருந்தால் போதும் என்றார். மற்ற விரல்களுக்குத் தேய்ந்தது என்று குறித்துக்கொள்வார்களாம். ஒன்பதைப் பார்த்துவிட்டு அந்த ஒன்றைப் பார்த்து, இதற்கு மட்டும் என்ன போட்டாய் என்று கேட்டார். தங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இப்படித்தானாம், சோறு விற்கிற கடையில் பாத்திரம் கழுவுகிறாராம். எனக்கு அந்தப் பட்டைக்கு மலாயில் என்ன பேர் என்று தெரியவில்லை. திரும்பி மகளைக் காட்டினேன். தாரணி முன்னால் வந்து, அந்த அம்மாவின் போனில் என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஈரத்தோடு தடவ வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பேனாவைச் சட்டைப் பையில் திருப்பிச் செருகினார். "இனிமே என்னைக் கேக்க மாட்டாங்களா?" என்றார். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம். நான் கேட்கிறேன், வருஷா வருஷம் நான் கேட்கிறேன், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

9

நேராக சலூனுக்குப் போனோம். அண்ணி வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பிப் போய், யாருக்கும் தெரியாதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருதாணி ராசி வீண்போகுமா என்று சொல்லிக்கொண்டு வந்தார். தாரணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தேநீர் போடப் போய்விட்டார்.

தாரணி யாரும் சொல்லாமலே தொட்டி முன்னால் இருக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உப்புத் தலையைப் பின்னால் சாய்த்தாள். நாலு வருஷம் கழித்து என் கைக்கு நேராக அந்தத் தலை. நான் தண்ணீரைத் திறந்து, மணிக்கட்டில் சூடு பார்த்து, கையை நீட்டினேன்.

"மா," என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. "டிராயர்."

டிராயரைத் திறந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் நீர் விட்டு உப்பைக் கரைத்தேன். கண்டிஷனரை நுனியில் தடவி, சிக்கை விரலாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அரைமணி நேரம் ஆனது. ரப்பர் வழியாக ஒன்றும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இடது காதுக்கு மேலே, நாலு வயதில் அண்ணி வீட்டுப் படியில் விழுந்து தையல் போட்ட இடம். பச்சைப்பயறு அளவுக்கு ஒரு மேடு. கட்டைவிரல் நேராக அங்கே போய் நின்றது.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.